தரகர் நம்பரைக் கொண்டுபோனவன்

ஒழுகினசேரி பூதலிங்கம் கல்யாணத் தரகர். தோவாளை, தேரூர், பறக்கை, பூதப்பாண்டி என்று நாஞ்சில் நாட்டில் அவர் கை நனைக்காத கல்யாண வீடு குறைவு. ஆபீஸ் என்று அவருக்கு ஒன்றும் கிடையாது. வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சாயாக்கடை பெஞ்சு, தோளில் ஜாதகங்கள் நிறைந்த ஒரு துணிப்பை, சட்டைப்பையில் ஒரு செல்போன். பெஞ்சு போனால் வேறு பெஞ்சு. போன் போனால் வேறு போன். நம்பர் மட்டும் போகக்கூடாது. செல்போன் புதுசாக வந்த காலத்தில் வாங்கிய நம்பர் அது, கடைசியில் ஏழு ஏழாக வரும். பெற்ற மகள் பிறந்த கிழமையை மறந்துபோன தாய்மார்கூட, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் அந்த நம்பரைத் தப்பில்லாமல் ஒப்பிப்பார்கள்.

தன் விசிட்டிங் கார்டில் அவர் அந்த நம்பரை மட்டும் போடவில்லை. பிறந்த தேதி, நட்சத்திரம், தாய் தகப்பன் பெயர், குலதெய்வம் எல்லாவற்றையும் போட்டிருந்தார். நம்முடைய ஜாதகத்தை நாம் காட்டினால்தான் அடுத்தவன் அவன் ஜாதகத்தை எடுத்து நீட்டுவான் என்பது அவர் கட்சி. அந்தக் கார்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பிலும் தன் முகத்துக்குப் பதிலாக வைத்திருந்தார்.

ஆவணி மாதம், முகூர்த்தம் நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சாயாக்கடை பெஞ்சில் இருக்கும்போது ஒரு போன் வந்தது.

“வணக்கம் சார். நிலா மொபைல் கஸ்டமர் கேர்ல இருந்து பேசறோம். பூதலிங்கம் சார்தானே?”

“ஆமா தம்பி, சொல்லுங்கோ.”

“உங்களுது ரொம்பப் பழைய நம்பர் சார். பழைய சிம் எல்லாம் இப்ப இ-சிம்மா மாறுது. இன்னிக்கு மாத்தலைன்னா சாயங்காலத்தோட நம்பர் கட் ஆயிடும்.”

பூதலிங்கம் பதறி எழுந்தார். சாயா கிளாசைக் கீழே வைத்தார். “தம்பி, என்ன வேணும்னாலும் கேளுங்கோ, நம்பரு மட்டும் போயிரப்பிடாது.”

அந்தத் தம்பி ரொம்பவும் கேட்கவில்லை. பூதலிங்கத்தின் பிறந்த தேதியையும் தாயார் பெயரையும் அவனே சொல்லிச் சரிதானா என்றான். இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறானே, கம்பெனிக்காரன் என்றால் கம்பெனிக்காரன்தான் என்று அவருக்கு மதிப்பு வந்துவிட்டது. அதெல்லாம் தன் கார்டிலேயே இருப்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

“இப்ப ஒரு மெசேஜ் வரும் சார். அதுல ஆறு நம்பர் இருக்கும். அதை மட்டும் சொல்லுங்க.”

மெசேஜ் வந்தது. பூதலிங்கம் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு வாத்தியாரிடம் போனைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். வாத்தியார் வகுப்பில் படிப்பதுபோல் தெளிவாகப் படித்தார். ஆறு எண்ணையும் படித்துவிட்டு, அதற்குக் கீழே இருந்ததையும் படித்தார்.

“தம்பி, இத யாருகிட்டயும் சொல்லப்பிடாதுன்னும் போட்டிருக்காம்” என்றார் பூதலிங்கம்.

“அது மத்தவங்ககிட்ட சார். நாங்க கம்பெனி.”

“அது செரி” என்று பூதலிங்கம் ஆறு எண்ணையும் சொன்னார்.

“தேங்க்ஸ் சார். நாளைக்குக் காலை வரைக்கும் டவர் இருக்காது. மேல வேலை நடந்துட்டு இருக்கும். பயப்படாதீங்க.”

சொன்னதுபோலவே கொஞ்ச நேரத்தில் போனில் டவர் காட்டும் கோடுகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. நாணயமான பயல் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்குப் போல் ஒரு நாள் அவருக்கு வாய்த்ததில்லை. போன் அடிக்கவே இல்லை. மாப்பிள்ளைக்குச் சொட்டை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, இலை போட்டு, சாளைக் கருவாட்டுக் குழம்பும் சோறும் ஒரே மூச்சில் சாப்பிட்டார். வழக்கமாக ஒரு கை சோற்றிலும் ஒரு கை போனிலும் இருக்கும். சாப்பிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் உறங்கிவிட்டார்.

அவர் மனைவி பகவதி ரெண்டு தடவை வந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

நாலு மணி வாக்கில் பகவதியின் போன் அடித்தது. மயிலாடியிலிருந்து மீனாட்சியம்மாள். அவள் மகள் அஸ்வதிக்குத்தான் பூதலிங்கம் ஒரு வருஷமாக மாப்பிள்ளை பார்த்து, கடைசியில் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நிதின் என்கிற பையனைப் பிடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

“மைனி,” என்றாள் மீனாட்சியம்மாள், குரல் உடைந்துபோய், “அண்ணாச்சிக்கு இப்ப எப்படி இரிக்கி? ஐசியூல இருந்து வெளிய கொண்டாந்தாச்சா?”

பகவதி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். “இங்கன கட்டில்ல கெடந்து கொறட்ட விடுகாரு. என்ன ஐசியூ?”

“வாட்ஸ்அப்புல போட்டிருந்துதே. பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கு, ஒடனே பணம் அனுப்புங்கோன்னு. போன் பண்ணிக் கேட்டேன். ஒரு தம்பி எடுத்து, நான் சாரு கூட நிக்கிற ஆளு, சாரால பேச முடியாதுன்னு சொன்னாரு. நல்ல மரியாதயான பையன். எந்த வார்டுன்னு கேட்டா மட்டும் முழிக்கான்.”

“நீ பணம் அனுப்பினியா?”

“இல்ல மைனி. அதுக்குள்ள நிதின் தம்பிக்க ஒயரத்தப் பத்திக் கொஞ்சம் கேக்க வேண்டியிருந்துது. கேட்டுட்டு இருக்கும்போதே வச்சிட்டான்.”

பகவதி புருஷனை உலுக்கி எழுப்பினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டாள். வாத்தியார் மெசேஜைப் படித்த இடம் வந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்துவிட்டாள்.

“ஒரு மனியன், இத யாருகிட்டயும் சொல்லாதன்னு எழுதியிருக்கத, பஸ் ஸ்டாண்டே கேக்கப் படிக்கச் சொல்லுவானா?”

“கம்பெனிக்காரன்லா கேட்டான்.”

“கம்பெனிக்காரனுக்கு அது தெரியாமயா நம்மகிட்ட கேப்பான்?”

பூதலிங்கம் எழுந்து சட்டையை மாட்டினார். ரெண்டு பேரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். படியிறங்கும்போதே எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு பாக்கெட் ரொட்டியும் ஆப்பிளுமாக வந்துகொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் தேடிவிட்டுத் திரும்புகிறார்களாம். பூதலிங்கம் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு ரொட்டியை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்கள். பகவதி கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

நிலா மொபைல் ஷோரூம் செட்டிகுளம் பக்கம் இருந்தது. கவுண்டரில் ஷீஜா என்று ஒரு பெண் இருந்தாள், குளச்சல்காரி. அவள் கதையைக் கேட்டாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டாள்.

“அண்ணாச்சி, நம்ம நம்பர அவன் தன் போன்ல ஏத்திட்டான். அதான் ஒங்க சிம் செத்துப்போச்சி. இனி இந்த நம்பருக்கு வர்றது எல்லாம் அவனுக்குத்தான் போவும். பேங்குக்க மெசேஜும்.”

“ஐயோ, பேங்கு” என்றார் பூதலிங்கம்.

“பேங்கு கணக்கு என் நம்பர்ல இருக்கு” என்றாள் பகவதி.

“அது எப்பம் மாத்தினே?”

“ஒங்க போன எடுத்தவன் போனவன் எல்லாம் நோண்டுகான்னு நாலு வருசம் முந்தியே மாத்தியாச்சு. சொன்னேன். நீங்க அப்பம் போன்ல பேசிட்டிருந்திய.”

ஷீஜாவுக்கு முகம் தெளிந்தது. “அப்பம் கொழப்பம் இல்லக்கா. சிம் மாத்தினா ஒரு நாளைக்கு அந்த நம்பருக்கு எஸ்எம்எஸ் வராது, அது ரூல். வாட்ஸ்அப்ப மட்டும் போன் கால்லயே கோடு வாங்கித் தொறந்திருப்பான். அவன் நாளைக்குப் பேங்கு மெசேஜ் வரும்னு காத்துட்டு இருப்பான். வரப்போறது இல்ல. நாம இப்ப பிளாக் பண்ணி நம்பரத் திருப்பி எடுத்துருவோம். அண்ணாச்சி இந்தக் கேமராவப் பாருங்க. ஆதார்ல உள்ள மூஞ்சி பொருந்தணும்.”

பூதலிங்கம் கேமராவைப் பார்த்தார். பொருந்தவில்லை. இடதுபக்கம் திரும்பச் சொன்னாள், கண்ணைச் சிமிட்டச் சொன்னாள். அப்போதும் பொருந்தவில்லை. ஆதாரில் இருந்த பூதலிங்கத்துக்கு நரைத்த மீசையும் நெற்றி நிறைய திருநீறும் இருந்தன. கேமராவுக்கு முன்னால் இருந்த பூதலிங்கம் போன வெள்ளிக்கிழமைதான் தலைக்கும் மீசைக்கும் மை பூசியிருந்தார். பகவதி முந்தானையை நனைத்து மீசையைத் துடைத்துப் பார்த்தாள். மை நல்ல கம்பெனி மை, அசையவில்லை.

“நீங்க யாருன்னு கம்பெனிக்குத் தெரியல்ல” என்றாள் பகவதி. “காலையில அவன் மீசையப் பாத்தா குடுத்தாங்க?”

ஷீஜா மேனேஜரிடம் பேசி, கைரேகையை வைத்துச் செய்யலாமா என்று பார்க்க உள்ளே போனாள். பூதலிங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. பகவதியின் போனை வாங்கித் தன் நம்பரையே அழுத்தினார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். ரிங் போவதற்கு முன்பே எடுத்துவிட்டான்.

“ஹலோ, சாருக்கு இப்ப பரவாயில்லைங்க. பேச முடியாதுங்க. பொண்ணு போட்டோ எல்லாம் டிஸ்சார்ஜ் ஆனப்புறம் அனுப்புவாருங்க” என்றது ஒரு களைத்த குரல், கேள்வி ஏதும் வருவதற்கு முன்னாலேயே.

“ஏலே, நான்தாம்லே சாரு.”

வைத்துவிடுவான் என்று நினைத்தார். வைக்கவில்லை.

“சார், நீங்க என்ன வேலைதான் சார் பாக்கறீங்க?” என்றான் அவன். “காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்க விடலை. ஒரு அம்மா செவ்வாய் தோஷம்னா எந்த வீட்ல இருக்கணும்னு கேக்கறாங்க. நான் சொந்த வீட்லதான்னு சொல்லிட்டேன். ஒருத்தர் மாப்பிள்ளை தண்ணி போடுவாரான்னு கேட்டாரு. போடமாட்டாருன்னேன். அப்ப வேற எதையோ ஒளிக்கிறேன்னு சண்டைக்கு வர்றாரு.”

“போன அணச்சிப் போட வேண்டியதுதானலே.”

“நாளைக்குப் பேங்க் மெசேஜ் வரணும் சார்.”

“அது வராதுலே. பேங்கு எனக்க வீட்டுக்காரி நம்பர்லயாக்கும்.”

“இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாமே சார்” என்றான், நிஜமாகவே மனம் நொந்து.

பூதலிங்கத்துக்குத் திட்டவேண்டும் என்று வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் மறந்துவிட்டன. இளவயசுப் பயல் ஒருவன் எதிர்முனையில் பேசுகிறான். நாக்கு தானாகவே தொழிலுக்குப் போய்விட்டது.

“ஒனக்கு எத்தன வயசு மக்கா?”

“எதுக்கு சார்?”

“சும்மா கேக்கேன். கொரலக் கேட்டா முப்பது தாண்டலன்னு தோணுகு.”

“இருபத்தெட்டு.”

“கல்யாணம் ஆச்சா?”

“இல்லைங்க.”

“பாக்குதாங்களா?”

“அம்மா பாக்கறாங்க. என்ன வேலைன்னு கேட்டு யாரும் பொண்ணு தர்றதில்லை.”

“என்ன வேலன்னு சொல்லுகே?”

“கஸ்டமர் கேர்னு.”

“அதச் சொல்லாதே. டெலிகாம்னு சொல்லு, ஒரு கனம் இருக்கும். நட்சத்திரம் என்ன?”

“திருவாதிரை.”

“அருமையான நட்சத்திரம்லா. எத்தனாம் பாதம்? செரி, அது அம்மைக்குத் தெரியும். கூடப் பொறந்தவங்க உண்டா?”

“ஒரு தங்கச்சி. அவளுக்கு ஆயிடுச்சி. போன வருசம்தான் கொழந்தை பொறந்துச்சு.”

“அப்பம் வீட்ல பாரம் இல்ல. சொந்த ஊரு எது?”

“ஊரு வந்து, சார்…”

லைன் அறுந்துபோனது. உள்ளேயிருந்து ஷீஜா சந்தோஷமாக வெளியே வந்தாள். “பிளாக் ஆயாச்சி அண்ணாச்சி. கைரேக பொருந்திட்டு.”

பூதலிங்கம் போனைக் காதிலிருந்து எடுத்து வெறித்துப் பார்த்தார். “இன்னும் ஒரு நிமிசம் பொறுத்திருக்கலாமே மக்களே. ஊரச் சொல்ல வாயத் தொறந்தான். பொறவு தெரு, பொறவு தகப்பன் பேரு. போலீசுக்கு வெலாசத்தோட குடுத்திருப்பேன்.”

“குடுத்திருப்பிய,” என்றாள் பகவதி, “ஒரு பொண்ணையும் சேத்து.”

புது சிம் போட்டுக் கொடுத்த ஷீஜா, சைபர் கிரைமுக்குப் புகார் கொடுக்கும் நம்பரையும் எழுதித் தந்தாள். பிறகு பூட்டுப் போடும் வேலையை ஆரம்பித்தாள். சிம்முக்கு ஒரு நாலு இலக்க ரகசிய எண், வாட்ஸ்அப்புக்கு ஆறு இலக்கத்தில் ஒன்று. இனிமேல் ஆளே நேரில் வராமல் சிம்மை மாற்ற முடியாதபடி கம்பெனியின் கணக்கிலும் ஒரு பூட்டு. கார்டில் போட்டிருக்கிற பிறந்த தேதியையும் தாயார் பெயரையும் எடுத்துவிடச் சொன்னாள்.

“சிம்முக்கு என்ன நம்பர் வைக்கணும், சொல்லுங்க.”

“ஏழு ஏழு ஏழு ஏழு” என்றார்.

“அது ஒங்க போன் நம்பர்லயே இருக்கு.”

“அப்பம் நான் பொறந்த வருசம்.”

“கார்டுல இருக்கு.”

“கல்யாண வருசம்.”

“அந்த வருசம்தான் வீடு கெட்டினது, முகப்புல சிமிண்டுல எழுதியிருக்கு” என்றாள் பகவதி.

ஸ்கூட்டர் நம்பர் சொன்னார். வாசலில் நின்றது ஸ்கூட்டர். வீட்டு நம்பர் சொன்னார். அதற்கும் ஷீஜா உதட்டைப் பிதுக்கினாள். மற்றவர் வீட்டு ரகசியங்களை வயிற்றுக்குள் வைத்திருந்து பிழைத்த மனிதருக்குத் தன்னுடையது என்று ஒரு ரகசியம்கூட இல்லை என்பது அப்போதுதான் பட்டது. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. கடைசியில் கண்ணை மூடி நாலு எண்ணைத் தானாகவே யோசித்து, யாருக்கும் தெரியாமல் கையை மறைத்துக்கொண்டு அழுத்தினார். வெளியே வந்தபோது ஜெயித்த முகம்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த நாலு எண்ணையும் சாயாக்கடைக்காரர், எதிர்வீட்டுக்காரர், சுகம் விசாரிக்கப் பழம் கொண்டுவந்த ஒரு கல்யாண வீட்டுச் சம்பந்தி ஆகிய எல்லோரிடமும் சொல்லிவிட்டார். யாராலும் கண்டுபிடிக்க முடியாத நம்பர் எப்படி வைப்பது என்று விளக்கும்போது உதாரணம் வேண்டியிருந்தது. பகவதி அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி அவர் குளிக்கப் போனபோது போனை எடுத்து எண்ணை மாற்றிவிட்டாள். என்ன எண் என்று சொல்லவில்லை.

“நம்பர் எனக்குள்ளது. எனக்கே தெரியாண்டாமா?”

“ஒங்களுக்குத் தெரிஞ்சா நாட்டுக்கே தெரிஞ்ச மாதிரி. போன அணச்சித் தொறக்கணும்னா எனட்டத் தாங்க.”

மறுநாள் கடை திறந்ததும் ஷீஜாவிடம் போய் முறையிட்டார். கம்பெனி விதிப்படி ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாதுதான், ஆனால் உங்கள் விஷயத்தில் அக்கா செய்ததுதான் சரி என்று அவளும் கைவிட்டுவிட்டாள்.

அன்று முழுக்கப் பூதலிங்கம் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, தான் ஆஸ்பத்திரியில் இல்லை என்பதை விளக்கினார். ஒருவரும் பணம் அனுப்பியிருக்கவில்லை. பணம் கேட்டவனிடம் எல்லோரும் வரன் கேட்டிருந்தார்கள். அது அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது, என்னவோபோலவும் இருந்தது. கடைசியாக மீனாட்சியம்மாளைக் கூப்பிட்டார், ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்ல.

“ஞாயித்துக்கெழம வேண்டாம் அண்ணாச்சி” என்றாள் அவள். “பிள்ளைக்கு இஷ்டம் இல்லியாம். அந்தத் தம்பிகிட்ட சொல்லியிருக்கா.”

“எந்தத் தம்பி?”

“ஒங்களுக்க கூட நின்ன தம்பி.”

பூதலிங்கம் மயிலாடி பஸ்ஸைப் பிடித்தார். வழி நெடுக அவருக்கு மனசுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. நம்பரைக் கொண்டுபோனான், போகட்டும். ஒரு வருஷமாக வளர்த்த வரனை ஒரே நாளில் கலைத்திருக்கிறான்.

மயிலாடியில் சிற்பப் பட்டறைகளின் உளிச் சத்தத்துக்கு நடுவே மீனாட்சியம்மாளின் வீடு. மீனாட்சியம்மாள் கடைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தது அஸ்வதி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், இருபத்தாறு வயசு. தொட்டில் போட்ட நாளிலிருந்து பூதலிங்கம் அவளைப் பார்த்திருக்கிறார்.

“இருங்க மாமா. தண்ணி கொண்டு வாறேன்.”

“தண்ணி கெடக்கட்டும். அந்தக் களவாணிப் பய ஒனட்ட என்ன மக்களே சொன்னான்?”

அஸ்வதி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். “நான் ஒங்களத்தான் கூப்பிட்டேன் மாமா. அவரு எடுத்தாரு. ஞாயித்துக்கெழம அவங்க வரவேண்டாம்னு மாமாகிட்ட சொல்லிருங்கன்னு சொன்னேன். ஏன், உங்களுக்குப் புடிக்கலையான்னு கேட்டாரு. ஆமான்னேன். வேற யாரையாவது புடிச்சிருக்கான்னு கேட்டாரு. அதுக்கும் ஆமான்னேன். அப்ப அம்மாகிட்ட சொல்லிடுங்க, எனக்கு இன்னும் நெறைய போன் வருதுன்னு வச்சிட்டாரு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“இத எனட்டச் சொல்லப்பிடாதா மக்களே?”

“நீங்க கேக்கல்லியே மாமா.” கோபமில்லாமல்தான் சொன்னாள். “அம்மைக்கிட்ட கேட்டிய. சித்தப்பாகிட்ட கேட்டிய. ஜாதகத்துகிட்டயும் கேட்டிய.”

பூதலிங்கம் நாற்காலியில் இருந்தார். தண்ணீர் வந்தது, குடித்தார். ஒரு வருஷத்தில் இந்த வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருப்பார். ஒவ்வொரு தடவையும் இவள்தான் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். சீனி போதுமா என்று அவள் கேட்பாள், போதும் என்று அவர் சொல்வார். அதற்கு மேல் இவளிடம் ஒரு வார்த்தை பேசியதாக ஞாபகம் வரவில்லை. ஒரு திருட்டுப் பயல், போனை வைக்கிற அவசரத்தில், அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டான்.

“ஆளு யாரு?” என்றார்.

“கூட வேல பாக்குதாரு. நாகேந்திரன்னு பேரு. தாழக்குடி. பிசிக்ஸ் எடுக்காரு.”

“அம்மைட்டச் சொன்னியா?”

“நிதின் வேண்டாம்னு மட்டும்தான் சொன்னேன். அதுக்கே நேத்துலருந்து எனட்ட மொகம் குடுக்கல்ல.”

தாழக்குடி என்றதுமே பூதலிங்கத்துக்கு அங்குள்ள தெருக்களும் வீடுகளும் வரிசையாக வரத் தொடங்கிவிட்டன. அந்தப் பையனின் அக்காளைத் திட்டுவிளையில் கட்டிக்கொடுத்தது அவர்தான். நல்ல குடும்பம். தகப்பனாருக்குக் கொஞ்சம் வாய் நீளம், அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. எப்படி இந்தப் பையன் தன் பைக்குள் இல்லாமல் போனான் என்பதுதான் ஆச்சரியம்.

“நீ ஒண்ணும் பேசாண்டாம்” என்றார் எழுந்துகொண்டே. “இது நான் பாத்த வரன். இனிமேத்தான் பாக்கப்போறேன்.”

அஸ்வதி சிரித்தாள். அவள் சிரித்தால் வலது கன்னத்தில் குழி விழும் என்பதை அவர் அன்றைக்குத்தான் கவனித்தார். போன வருஷம் அவர் எழுதிய விவரத்தில் அது விட்டுப்போயிருந்தது.

ரெண்டு நாளில் தாழக்குடிக்குப் போய்ப் பையனின் தகப்பனாரோடு உட்கார்ந்து, அவர் நீளமாகப் பேசியதை எல்லாம் கேட்டு, ஜாதகத்தை வாங்கிப் பொருத்தமும் பார்த்துவிட்டார். பொருத்தம் சுமார். அவருக்குத் தெரிந்த ஒரு ஜோசியர் அதை நல்ல பொருத்தமாக்கிக் கொடுத்தார். இந்தத் தடவை பையனிடமும் தனியாக ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார். பையன் வெட்கப்பட்டு, ஆமாம் என்பதைப் பௌதிக வாத்தியார் போலச் சுற்றி வளைத்துச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து, வீட்டிலிருந்தே மீனாட்சியம்மாளுக்குப் போன் போட்டார். பகவதி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருந்தாள். இப்போதெல்லாம் எல்லாப் பேச்சும் ஸ்பீக்கரில்தான்.

“தங்கச்சி, நான் பூதலிங்கம் பேசுகேன்.”

“பூதலிங்கம் அண்ணாச்சியா?”

“ஆமா.”

“கொரலு அது மாதிரித்தான் இரிக்கி. ஆனா அன்னைக்கும் இந்த நம்பர்லதான் வந்துது.”

இந்த நாலு நாளாக அவருக்கு இதே பாடுதான். எந்த வீட்டுக்குக் கூப்பிட்டாலும் அடையாளம் கேட்கிறார்கள். தேரூரில் ஒருவர் தன் மாமனார் பெயரைச் சொல்லச் சொன்னார். பறக்கையில் ஒரு வீட்டில் நாயின் பெயரைக் கேட்டார்கள், அது தெரியாமல் லைனை வைத்துவிட்டார்கள்.

“நான்தான் தங்கச்சி. என்ன வேணும்னாலும் கேளு.”

மீனாட்சியம்மாள் யோசித்தாள். “போன மாசம் எங்க வீட்ல சிறுபயறு பாயசம் வச்சேன். அண்ணாச்சி எத்தன கிளாசு குடிச்சாரு?”

பூதலிங்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். பகவதி கீரை உருவுவதை நிறுத்தியிருந்தாள். டாக்டர் சீனியை நிறுத்தச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. கேழ்வரகுக் களியும் பாகற்காயுமாக அவள் கட்டிக்காத்துக்கொண்டிருக்கிறாள்.

“அதெல்லாம் யாரு எண்ணினா” என்றார்.

“அப்பம் நீங்க அண்ணாச்சி இல்ல. போன வச்சிரும்.”

“வைக்காதே வைக்காதே.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு.”

“அது தப்பு” என்றாள் மீனாட்சியம்மாள். “வைக்கேன்.”

“நாலு” என்றார் பூதலிங்கம். “நாலு கிளாசு. பொறவு சட்டியில ஒட்டினத வழிச்சும் தந்தே.”

“ஆங், அண்ணாச்சியேதான்” என்றாள் அவள், நிம்மதியாக. “சொல்லுங்க, என்ன விசயம்?”

பகவதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கீரைக்கொத்து அப்படியே இருந்தது. பூதலிங்கம் அந்தப் பக்கம் திரும்பாமல், போனைக் கொஞ்சம் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

“தாழக்குடியில ஒரு பையன் இருக்கான் தங்கச்சி. வாத்தியார் வேல. பேரு நாகேந்திரன். ஆனா ஒண்ணு, இந்தத் தடவ மொதல்ல பிள்ளைட்டக் கேளு. கேட்டுட்டு எனக்குச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்.”

அவள் அஸ்வதியைக் கூப்பிடுவது தூரத்தில் கேட்டது. பூதலிங்கம் காத்திருந்தார். பகவதியும் காத்திருந்தாள்.